பூல் கியூவுக்கு ஸ்ப்ளைஸ் பிளாங்க் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கியூ என்பது பூல் மேசையில் பந்தை அடிக்கும் கோல். ஸ்ப்ளைஸ் என்பது மரங்களைச் சரிவாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்து ஒட்டுவது. கீழே வரும் அளவுகள் எல்லாம் ஒரே ஒரு மாதிரி கியூவை வைத்துச் சொன்னவை. இரண்டாகப் பிரியும் அமெரிக்க பூல் கியூ. அதன் பின்பாதியான பட் 29 இஞ்ச், அதாவது 737 மி.மீ. முன்பாதியோடு திருகிச் சேரும் ஜாயின்ட் பக்கம் விட்டம் 21.3 மி.மீ., அடியில் 31.75 மி.மீ. உங்கள் டேப்பர் (முனைக்கு முனை தடிமன் மாறும் சரிவு) வேறாக இருந்தால் எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

பிளாங்க் என்று எதைச் சொல்கிறார்கள்?

பட் பகுதிக்கான மரங்களை ஒட்டி முடித்து, இறுதி அளவுக்குக் கடையாமல் வைத்திருக்கும் கட்டையைத்தான். ஜாயின்ட் திருகு, அதைச் சுற்றிய வளையமான காலர், கைப்பிடி நூல் சுற்று, அடியில் வரும் ரப்பர் பம்பர் எதுவும் அதில் இருக்காது. சதுரமாகவும் விற்பார்கள், 33 மி.மீ. உருளையாக முரட்டுக் கடைசல் போட்டும் விற்பார்கள். உருளையாக வாங்குவது நல்லது. பாயிண்டுகள், அதாவது பட்டில் தெரியும் கூரான மர முக்கோணங்கள், சமமாக இருக்கின்றனவா என்பது சதுரக் கட்டையில் தெரியாது.

ஃபுல் ஸ்ப்ளைஸ், ஹாஃப் ஸ்ப்ளைஸ் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஹாஃப் ஸ்ப்ளைஸில் முன்பகுதி மரத்தில் (பெரும்பாலும் மேப்பிள்) நான்கு 'வி' பள்ளங்கள் வெட்டி, அதில் வேறு நிற மரச் சட்டங்களை ஒட்டுவார்கள். உருளையாகக் கடைந்ததும் அவை கூர்மையான பாயிண்டுகளாகத் தெரியும். இந்த முன்பகுதி சுமார் 320 மி.மீ. நீளத்தில் முடிந்துவிடும். கைப்பிடி தனி மரம், அதற்குக் கீழே உள்ள ஸ்லீவ் இன்னொரு மரம்.

ஃபுல் ஸ்ப்ளைஸில் பாயிண்டும் கைப்பிடியும் ஒரே மரம். கைப்பிடி மரத்திலிருந்து நான்கு நீண்ட விரல்கள் கிளம்பி மேப்பிளுக்குள் போகும், மேப்பிளும் கூட்டல் குறி வடிவில் கைப்பிடி மரத்துக்குள் இறங்கும். நடுவில் திருகும் கிடையாது, டெனானும் (துளையில் செருகும் மர முளை) கிடையாது. பசையும் மரமும்தான்.

எது சிறந்தது?

ஃபுல் ஸ்ப்ளைஸ் அடிக்கும்போது கைக்கு வேறு மாதிரி இருக்கிறது என்று பல ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். பந்துக்கு வித்தியாசம் தெரியாது. பந்தைத் தொடும் டிப், அதைத் தாங்கும் ஃபெரூல், முன்பாதியான ஷாஃப்ட் ஆகியவை பந்தின் போக்கை மாற்றும் அளவுக்குப் பின்பாதியின் ஒட்டு மாற்றுவதில்லை. மோசமாக ஒட்டிய ஃபுல் ஸ்ப்ளைஸைவிட ஒழுங்காகச் செய்த ஹாஃப் ஸ்ப்ளைஸ் பல மடங்கு மேல். முதல்முறை செய்பவர் ஹாஃப் ஸ்ப்ளைஸில் தொடங்கட்டும். தவறினால் ஒரு அடி மேப்பிளோடு போகும்.

பழைய டைட்டிலிஸ்ட் பிளாங்குக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

பிரன்ஸ்விக் நிறுவனம் பூல் கூடங்களுக்காகச் செய்த ஒற்றைத் துண்டு கியூ டைட்டிலிஸ்ட். முழுக்க ஃபுல் ஸ்ப்ளைஸ். சிகாகோவின் ஹெர்மன் ராம்போ போன்றவர்கள் அதை நடுவில் அறுத்து, ஜாயின்ட் போட்டு, தனிப்பயன் கியூவாக மாற்றினார்கள். ஜார்ஜ் பலபுஷ்காவும் (1912–1975) டைட்டிலிஸ்ட் கட்டைகளில்தான் தொடங்கினார். பிறகு பர்டன் ஸ்பெயின், கஸ் சாம்போட்டி இருவரும் செய்துகொடுத்த பிளாங்குகளைப் பயன்படுத்தினார். பிளாங்க் ஒருவர், கியூ இன்னொருவர் என்ற வேலைப் பிரிவு அப்போதே உண்டு. எனவே பிளாங்க் வெளியில் வாங்கிக் கியூ செய்வதில் எந்தக் குறையும் இல்லை.

மதிப்புக்கு இன்னொரு காரணம் மரத்தின் வயது. பல பத்தாண்டுகள் காய்ந்து அடங்கிய கட்டை அதன்பின் அதிகம் நகராது.

எந்த மரம் வாங்குவது?

முன்பகுதிக்கு ஹார்ட் மேப்பிள். ரேகை முனைக்கு முனை நேராக ஓட வேண்டும். 330 மி.மீ. நீளத்தில் ரேகை பக்கவாட்டில் 5 மி.மீ.க்கு மேல் விலகினால் அந்தக் கட்டையை ஒதுக்குங்கள். புள்ளிச் சுழி விழுந்த பேர்ட்ஸ்ஐ, அலை ரேகை கொண்ட கர்லி வகைகள் அழகுதான், ஆனால் பள்ளம் வெட்டும்போது சிராய் பிய்யும். முதல் பிளாங்குக்கு வேண்டாம்.

பாயிண்டுக்கும் கைப்பிடிக்கும் ரோஸ்வுட், பர்ப்பிள்ஹார்ட், பொகோட்டே, எபனி. இவற்றில் பர்ப்பிள்ஹார்ட் பழகுவதற்கு ஏற்றது. விலை குறைவு, உறுதி, எண்ணெய்ப் பசை அதிகம் இல்லை. எபனிதான் மிகவும் சோதிக்கும். மெதுவாகக் காயும், காயும்போது முனையிலிருந்து மயிரிழை வெடிப்பு ஓடும். வாங்கியதும் இரு முனைகளையும் மெழுகில் தோய்த்து வையுங்கள். நம் ஊரில் கருங்காலி என்ற பெயரில் விற்பதெல்லாம் எபனி இல்லை, கேட்டு வாங்குங்கள்.

இந்திய ரோஸ்வுட்டான ஈட்டி இந்த வேலைக்கு அருமையான மரம். வாங்கும்போது டிப்போ பில் இல்லாமல் வாங்காதீர்கள். பிரேசிலிய ரோஸ்வுட் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. 2017 தொடக்கத்திலிருந்து ரோஸ்வுட் பேரினத்தின் மற்ற மரங்கள் மொத்தமும் இரண்டாம் பட்டியலுக்குள் வந்துவிட்டது. செய்த கியூவை வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் பாயிண்டை வெட்டும் முன்பே இதை யோசிக்க வேண்டும், பார்சல் கட்டும்போது யோசித்துப் பயனில்லை.

மரம் எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும்?

8 சதவீத ஈரப்பதத்தை ஒட்டி இருக்கட்டும். ஆனால் எண்ணைவிட முக்கியமானது, ஒட்டப்போகும் இரண்டு மரமும் ஒரே அளவில் இருப்பது. ஒன்று 7, இன்னொன்று 12 என்றால் ஒட்டும் நாளில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்து ஈரமான மரம் சுருங்கும், மெருகு போட்ட பரப்பில் ஒட்டுக்கோடு விரல் நகத்தில் தட்டுப்படும்.

சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் இது கூடுதல் தலைவலி. காற்றில் ஈரம் 70 சதவீதம் இருந்தால் மரம் 13 சதவீதத்தில் போய் நிற்கும். அந்தக் கட்டையில் செய்த கியூ நாள் முழுக்க ஏ.சி. ஓடும் கிளப்புக்குப் போனால் 9 வரை இறங்கும். ஒட்டும் வேலையையும் கட்டைகளை அடுக்கி வைப்பதையும் ஏ.சி. அல்லது டீஹியூமிடிஃபையர் உள்ள அறையில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய கட்டை அந்த அறையில் குறைந்தது ஒரு மாதம் கிடக்கட்டும். வாரம் ஒரு முறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாவிட்டால் அடங்கிவிட்டது என்று அர்த்தம். ஈரமானி இல்லாதவருக்குச் சமையலறைத் தராசே போதும்.

என்னென்ன இயந்திரம் தேவை?

சென்டர்களுக்கு இடையே 800 மி.மீ. பிடிக்கும் லேத், அதன்மேல் நீளவாக்கில் நகரும் ரௌட்டர் (சுழலும் கட்டரால் பள்ளம் வெட்டும் கருவி), 90 டிகிரி 'வி' கட்டர், கட்டையை 90 டிகிரி வீதம் திருப்பிப் பூட்ட ஒரு இண்டெக்ஸ் தட்டு, நூறில் ஒரு மி.மீ. காட்டும் டயல் கேஜ். மில்லிங் இயந்திரம் இருந்தால் இன்னும் சுலபம். ஃபுல் ஸ்ப்ளைஸுக்கு டேபிள் சாவும் (மேசை ரம்பம்) அதில் கட்டையைச் சரிவாகப் பிடிக்கும் ஜிக்கும் வேண்டும்.

கட்டர் வாங்கும்போது முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பல 'வி' கட்டர்களின் நுனி 0.3 மி.மீ. அளவுக்கு மழுங்கலாகவே வரும். அதில் வெட்டிய பாயிண்டின் நுனி ஒருபோதும் ஊசியாக வராது, பாயிண்டும் 4 மி.மீ. குட்டையாகும். 0.3 மி.மீ. மழுங்கலுக்கு 4 மி.மீ. எப்படி என்பது அடுத்த பதிலில்.

பள்ளத்தின் சரிவையும் ஆழத்தையும் எப்படிக் கணக்கிடுவது?

எல்லா அளவையும் கட்டையின் மைய அச்சிலிருந்து எடுங்கள், மேற்பரப்பிலிருந்து எடுக்காதீர்கள். மேற்பரப்பு கடையக் கடைய மாறிக்கொண்டே போகும். மையம் மாறாது, மாறவும் கூடாது.

நம் மாதிரியில் பாயிண்டின் நுனி ஜாயின்டிலிருந்து 92 மி.மீ. தள்ளித் தொடங்குகிறது. அந்த இடத்தில் ஆரம் 11.3 மி.மீ. ஆகவே பள்ளத்தின் அடிக்கோடும் அங்கே மையத்திலிருந்து 11.3 மி.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். கைப்பிடி தொடங்கும் இடம் 320 மி.மீ., ஆரம் 12.9 மி.மீ. அங்கே அடிக்கோடு மையத்திலிருந்து 4 மி.மீ. வரை இறங்கட்டும். அதாவது மேற்பரப்பிலிருந்து பார்த்தால் 230 மி.மீ. ஓட்டத்தில் ஆழம் பூஜ்யத்திலிருந்து 8.9 மி.மீ. ஆகிறது. சரிவு 26-க்கு 1.

இந்த 26 என்ற எண்தான் முழு வேலையையும் ஆட்டிவைக்கிறது. ஆழத்தில் செய்யும் எந்தப் பிழையும் பாயிண்டின் நீளத்தில் 26 மடங்காகத் தெரியும். 0.1 மி.மீ. ஆழம் கூடினால் பாயிண்ட் 2.6 மி.மீ. நீளும். மழுங்கிய கட்டர் நுனி 0.15 மி.மீ. ஆழத்தைத் தின்றால் 4 மி.மீ. போகும். கண்ணுக்கு 1 மி.மீ. வித்தியாசம் பக்கத்துப் பக்கமாகத் தெரியும் என்பதால், நான்கு பள்ளங்களின் ஆழமும் 0.04 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும்.

கைப்பிடிப் பக்கக் குறுக்குவெட்டில் மேப்பிள் ஒரு பெருக்கல் குறி போல மிஞ்சும். 90 டிகிரி பள்ளங்கள் என்பதால் அதன் ஒவ்வொரு கையும் சீரான தடிமன் கொண்டது, அடிக்கோட்டின் தூரத்தை 1.41-ஆல் பெருக்கினால் கிடைக்கும். இங்கே 5.7 மி.மீ. பாயிண்டின் அகலம் அந்த இடத்தில் ஏறக்குறைய 14 மி.மீ. பாயிண்டுகள் ஒன்றையொன்று தொட வேண்டும் என்று ஆசைப்பட்டு அடிக்கோட்டை 2 மி.மீ. வரை இறக்குபவர்கள் உண்டு. கை 2.8 மி.மீ. தடிமனுக்கு வந்துவிடும், வெட்டும்போதே அதிரும்.

ஹாஃப் ஸ்ப்ளைஸ் வேலை எந்த வரிசையில் போகும்?

மேப்பிளின் இரு முனையிலும் 60 டிகிரி சென்டர் துளை போடுங்கள். கடைசிவரை இந்தத் துளைகள்தான் ஆதாரம். முனையை அறுத்துத் தள்ளும் ஆசையைக் கடைசி நாள் வரை அடக்கிக்கொள்ளுங்கள். இறுதி டேப்பரைவிட விட்டத்தில் 3 மி.மீ. கூடுதலாகக் கடைந்து, இரண்டு வாரம் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். மறுபடி லேத்தில் ஏற்றி நடுவில் டயல் கேஜ் வையுங்கள். 0.3 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால் அந்தக் கட்டை இன்னும் வளையும், வேறு எடுங்கள்.

எதிரெதிரான இரண்டு பள்ளங்களை முதலில் வெட்டுங்கள். ஒரு ஓட்டத்துக்கு 1.5 மி.மீ.க்கு மேல் இறக்க வேண்டாம், கடைசி ஓட்டம் 0.2 மி.மீ. போதும். கடைசி ஓட்டத்துக்கு முன் கட்டரை ஆறவிட்டு, நான்கு பக்கத்துக்கும் ஒரே ஆழ அமைப்பில் பூட்டி வெட்டுவது நல்லது. நடுவில் ரௌட்டரைத் தூக்கி மறுபடி இறக்கினால் அந்த 0.04 மி.மீ. கை நழுவிவிடும்.

பாயிண்ட் சட்டம் 16 மி.மீ. சதுரம், 250 மி.மீ. நீளம். உள்ளே போகும் மூலை துல்லியமாக 90 டிகிரி இருக்க வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், மயிரிழை ஒளி தெரிந்தாலும் மறுபடி இழையுங்கள். மூலை 91 டிகிரி ஆனால் மேல் ஓரங்கள் ஒட்டும், அடி எட்டாது. கடைந்து முடித்ததும் நுனியில் கறுப்புப் பசைக்கோடாக அது வெளியே வரும். 89 ஆனால் நுனி அழகாக உட்காரும், ஓரம் நெடுக இடைவெளி விடும்.

பசை போடுமுன் உலர்வாக உட்கார வைத்துச் சோதிக்க ஒரு வழி: பள்ளத்தின் இரு சுவரிலும் மென்மையான பென்சிலால் குறுக்குக் கோடுகள் கிழித்து, சட்டத்தை வைத்து அழுத்தி எடுங்கள். சட்டத்தில் பென்சில் கரி படாத இடம்தான் எட்டாத இடம்.

ஒட்டியபின் நீளவாக்கில் சட்டம் சற்று நகர்ந்தாலும் கவலை இல்லை. சட்டம் முழு நீளமும் ஒரே குறுக்குவெட்டு, பள்ளமும் நேர்கோடு. மேலே எழும்புவதுதான் ஆபத்து. சைக்கிள் டியூபை 20 மி.மீ. பட்டைகளாக வெட்டி இழுத்து இறுக்கச் சுற்றுங்கள். சி-கிளாம்பைவிட இது சீராக அழுத்தும். ஒரு ஜோடி இறுகியபின் மேலே நிற்கும் மரத்தை வழித்து உருளையாக்கி, ஒரு வாரம் விட்டு, அடுத்த ஜோடியை வெட்டுங்கள்.

நான்கையும் ஒரே நாளில் வெட்டி ஒட்டினால் என்ன?

வடிவக் கணக்குப்படி தடை எதுவும் இல்லை. பள்ளங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதில்லை. ஆனால் நான்கு பக்கமும் மரம் போன கட்டை உள்ளழுத்தம் விடுபட்டு அன்றே வளையலாம், பசை அந்த வளைவை நிரந்தரமாக்கிவிடும். கம்பி போல நேரான ரேகை உள்ள மேப்பிளில் சிலர் துணிந்து செய்கிறார்கள்.

வண்ண வெனீர் வைப்பது எப்படி?

சாயமேற்றிய வெனீர் (மெல்லிய மரத்தாள்) சுமார் 0.6 மி.மீ. தடிமனில் கிடைக்கும். நான்கு நிறங்களைத் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று எபாக்ஸியில் ஒட்டி, இரண்டு தட்டையான எஃகுப் பட்டைகளுக்கு இடையே அழுத்தி ஒரு நாள் வையுங்கள். இந்த அடுக்கை 25 மி.மீ. அகலப் பட்டைகளாக்கி, ஒரு ஓரத்தை 45 டிகிரியில் இழைத்து, இரண்டிரண்டாகச் சேர்த்தால் 'எல்' வடிவம் கிடைக்கும். அந்த மூலைக்குள் பாயிண்ட் சட்டத்தை ஒட்டி ஒரே துண்டாக்கியபின் பள்ளத்தில் இறக்குவதுதான் எங்கள் பரிந்துரை. வெனீரைத் தனியாகப் பள்ளத்தில் இறக்கினால் அடியில் சுருங்கி மடிந்திருப்பது வெளியே தெரியவே தெரியாது, கடைந்தபிறகுதான் தெரியும்.

இங்கும் அதே 26 வேலை செய்கிறது. 0.6 மி.மீ. வெனீர் மூலையில் 0.85 மி.மீ. ஆழத்தை அடைக்கும். அதனால் ஒரு நிறத்தின் நுனிக்கும் அடுத்த நிறத்தின் நுனிக்கும் இடையே 22 மி.மீ. விழும். நான்கு நிறம் வைத்தால் 88 மி.மீ. அவற்றுக்கே போய்விடும், நடு மரத்துக்கு மீதி 142 மி.மீ. நீளமும் அடியில் 9.3 மி.மீ. அகலமும்தான். நான்கு வெனீர் வைத்த கியூவில் நடு மரம் ஒல்லியாகத் தெரிகிறதே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பாயிண்டை நீட்ட இடம் இல்லை என்றால் வெனீரை இரண்டாகக் குறையுங்கள்.

45 டிகிரி ஓரங்கள் சேரும் மைட்டர் கோடு நடுவில் ஓடுகிறதா என்பதுதான் நல்ல கைவேலையின் அடையாளம். இரண்டு பட்டைகளின் தடிமன் 0.05 மி.மீ. மாறினாலும் ஒவ்வொரு நிறத்தின் நுனியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஒரே தாளிலிருந்து வெட்டிய பட்டைகளையே ஜோடி சேருங்கள்.

எந்தப் பசை?

மெதுவாக இறுகும் எபாக்ஸி. தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை வகைகள் மரத்தை உப்பவைக்கும், சாய வெனீரிலிருந்து கறுப்பை உருவி வெள்ளையில் ஏற்றும், அழுத்தத்தில் ஆண்டுக்கணக்கில் மெல்ல நழுவவும் செய்யும். வெனீர் இல்லாத சாதா பாயிண்டுக்கு மஞ்சள் நிற மரப்பசை தாராளமாகப் போதும், ஆனால் அது 5 முதல் 10 நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். ஃபுல் ஸ்ப்ளைஸை அதற்குள் சேர்த்து முடிக்க முடியாது.

ஐந்து நிமிட எபாக்ஸியைத் தொடாதீர்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் எபாக்ஸியின் வேலை நேரம் ஏறத்தாழப் பாதியாகும். டப்பாவில் எழுதியிருப்பது பெரும்பாலும் 25 டிகிரி கணக்கு, சித்திரை மாத மதியத்தில் அது செல்லாது. அதிகாலையில் ஒட்டுங்கள். கலவையைக் கிண்ணத்தில் குவித்து வைக்காமல் அகலத் தட்டில் பரப்பினால் சூடேறுவது குறையும்.

கொக்கோபோலோ, ரோஸ்வுட் போன்ற எண்ணெய் மரங்களை ஒட்டுவதற்குச் சில நிமிடம் முன் அசிட்டோன் தோய்த்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் நிறம் ஏறுவது நிற்கும்வரை துடைத்து, காய்ந்தவுடன் ஒட்டுங்கள். நேற்றே துடைத்து வைத்தால் இரவுக்குள் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும். அழுத்தும்போது ரொம்பவும் இறுக்கினால் எபாக்ஸி முழுக்கப் பிதுங்கி வெளியேறி ஒட்டு பட்டினி கிடக்கும். ஓரம் நெடுகச் சிறு மணிகளாகப் பசை எட்டிப் பார்த்தால் அழுத்தம் சரி.

ஃபுல் ஸ்ப்ளைஸை எப்படி வெட்டுவது?

பார்க்கும்போது மாயவித்தை போலத் தெரியும், உண்மையில் எல்லாம் நேரான வெட்டுகள்தான். மேப்பிள் 35 மி.மீ. சதுரம். அதன் நான்கு முகங்களின் நடுவிலும் அதே 'வி' பள்ளம், ஆனால் அடிக்கோடு 4 மி.மீ.யில் நிற்காமல் மையத்தையே தொடும்வரை இறங்கும். கைப்பிடி மரம் 38 மி.மீ. சதுரம். அதன் முனையிலிருந்து இரண்டு ஆப்பு வடிவப் பிளவுகள், ஒன்றுக்கொன்று செங்குத்தாக, முகங்களுக்கு இணையாக நடுவில் ஓடும். மிஞ்சுவது நான்கு மூலைகளிலும் நான்கு விரல்கள். இவை மேப்பிளின் பள்ளங்களில் அமரும். மேப்பிளின் பெருக்கல் குறி அந்தப் பிளவுகளுக்குள் அமரும். விரல்கள் சதுரத்தின் மூலைகளில், பள்ளங்கள் முகங்களில் என்பதால், சேர்க்கும்போது ஒரு கட்டை மற்றதற்கு 45 டிகிரி திரும்பி நிற்கும். இது புரியாமல் பலர் முதல் ஜிக்கையே தப்பாகச் செய்கிறார்கள்.

சரிவு அச்சைப் பொறுத்து 1.8 டிகிரி என்று வைத்தால், பாயிண்ட் நுனியிலிருந்து பள்ளம் மையத்தைத் தொடும் இடம் வரை சுமார் 356 மி.மீ. ஆனால் ஆப்புப் பிளவு பூஜ்ய அகலத்தில் முடிய முடியாது. ரம்பப் பல்லின் அகலம் 2 மி.மீ. என்றால், பிளவு 45 மி.மீ. முன்னதாகவே 2 மி.மீ. அகலத்தோடு முடிந்துவிடும். மேப்பிளின் முனையையும் அந்த இடத்தில் வெட்டிவிட வேண்டும், கூடவே அரை மி.மீ. கூடுதலாகக் குறைக்க வேண்டும். இந்த அரை மி.மீ.யை மறந்தால் முனை பிளவின் அடியில் முட்டிக்கொள்ளும், சரிவான சுவர்கள் ஒன்றையொன்று தொடாமலே நிற்கும். உலர்வாகச் சேர்த்துப் பார்க்கையில் 'கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது' என்று தோன்றும், அந்த உணர்வு முனை முட்டியதால் வந்தது. விரல்களைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், அசைந்தால் சுவர் எட்டவில்லை.

மேப்பிளின் அந்த மொட்டை முனை நூல் சுற்றின் அடியில் மறைந்துவிடும். சுற்று இல்லாத கியூ என்றால் மெல்லிய ரம்பமும் உளியும் கொண்டு கூர்மையாக்கத்தான் வேண்டும்.

ஒட்டும்போது எல்லாச் சுவரிலும் பசை தடவி, நீளமான பார் கிளாம்பால் இரு முனையிலிருந்தும் அழுத்துங்கள். ஆப்பு வடிவம் என்பதால் முனை அழுத்தமே சுவர்களை இறுக்கும். ஆனால் விரல்கள் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும், அதற்குத்தான் டியூப் சுற்று. பாதி முனை அழுத்தம், பிறகு சுற்று, பிறகு முழு அழுத்தம். முதலிலேயே முழுதாக அழுத்தினால் ஒரு விரல் வேரோடு பிளக்கும். எபனியில் இது சர்வ சாதாரணம்.

பாயிண்டுகள் ஏறுக்குமாறாக வந்துவிட்டன. காரணம் என்ன, சரிசெய்ய முடியுமா?

எப்படி ஏறுக்குமாறு என்பதைப் பாருங்கள். எதிரெதிர் ஜோடியில் ஒன்று நீளம், மற்றது குட்டை என்றால் மையம் நகர்ந்திருக்கிறது. கட்டை வளைந்திருக்கும், அல்லது சென்டர் துளையில் தூசு அடைந்திருக்கும். ஒரு ஜோடி முழுக்க நீளம், மற்ற ஜோடி முழுக்கக் குட்டை என்றால் இரண்டாம் முறை வெட்டும்போது ஆழ அமைப்பு மாறியிருக்கிறது. ஒரே ஒரு பாயிண்ட் மட்டும் குட்டை என்றால் அந்தச் சட்டம் அடிவரை உட்காரவில்லை.

முதல் வகையைச் சரிசெய்யலாம். எதிரெதிர் பாயிண்டுகளில் 4 மி.மீ. வித்தியாசம் இருந்தால், நுனிகள் இருக்கும் இடத்தில் அச்சை 0.08 மி.மீ. நகர்த்தினால் போதும். நீளமான பாயிண்டுக்கு எதிர்ப்பக்கமாக நகர்த்துங்கள், அப்போது நீளமான பக்கத்தில் அதிகம் கடைபடும், அது குட்டையாகும். கடைய இன்னும் மரம் மிச்சமிருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும். இரண்டாம் வகைக்கு மருந்தில்லை. இரண்டு உயரம், இரண்டு தாழ்வு என்று வடிவமைப்பையே மாற்றிக்கொள்பவர்கள் உண்டு, வித்தியாசம் 20 மி.மீ.க்கு மேல் இருந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். மூன்றாவது வகை விறகு.

கடையக் கடையப் பாயிண்ட் குட்டையாகிறதே என்று பயப்படுபவர்களுக்கு: ஆரத்தில் 0.5 மி.மீ. குறைத்தால் 13 மி.மீ. பின்வாங்கும். 1.5 மி.மீ. கூடுதலோடு தொடங்கிய கட்டையில் நுனி முதலில் 39 மி.மீ. முன்னால்தான் தெரியும்.

ஹாஃப் ஸ்ப்ளைஸில் கைப்பிடியை எப்படி இணைப்பது?

கைப்பிடி மரத்தில் 16 மி.மீ. டெனான், முன்பகுதியில் அதற்கான துளை, நடுவில் இறுக்கத்துக்கு ஒரு மரைத் திருகு, எல்லாம் எபாக்ஸியில். இந்தத் துளை மேப்பிள் மையத்தைத் தாண்டிப் பாயிண்ட் மரங்களுக்குள்ளும் போகும், அதனால் பாயிண்ட் ஒட்டு முழுதாக இறுகி ஒரு மாதமாவது ஆகியிருக்கட்டும். இரு முகங்களும் லேத்தில் ஒரே பிடியில் சமமாக்கப்பட வேண்டும். மெட்டல் திருகைச் சுற்றிக் காற்றுக்குமிழி இருந்தால் அடிக்கும்போது ரீங்காரம் கேட்கும். முடிந்த கியூவில் அதை எடுக்க வழியே இல்லை, எனவே துளையின் அடியிலிருந்து பசையை நிரப்பி மேலே வாருங்கள். காற்று போக டெனானில் ஒரு மெல்லிய வாய்க்கால் கீறுங்கள்.

விற்பனைக்கு வரும் கியூவில் பாயிண்ட் நிஜமா, வெறும் ஒட்டுப்படமா என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஒட்டுப்படம் என்றால் பாயிண்டுக்குள் மர ரேகை அச்சாக, நான்கிலும் ஒரே மாதிரி இருக்கும், வார்னிஷுக்கு அடியில் ஓரம் தடிப்பாகத் தெரியும். சி.என்.சி. இன்லே (கணினி இயக்கும் கட்டரால் குழி வெட்டி மரத்துண்டைப் பதிப்பது) என்றால் நுனி பூதக்கண்ணாடியில் சற்று உருண்டை, கட்டரின் ஆரம் அது. உளியால் கூராக்கிய இன்லேயும் உண்டு, அதைக் கண்டுபிடிப்பது கடினம். வெனீர் இருந்தால் நுனிகளுக்கு இடையேயான தூரத்தைப் பாருங்கள். நிஜமான 'வி' பள்ளத்தில் எல்லா நிறங்களும் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் படிப்படியாக விழும். இன்லேயும் தவறான கைவேலை அல்ல, ஸ்ப்ளைஸ் என்று சொல்லி அதற்கான விலை கேட்பதுதான் தவறு.

ஸ்னூக்கர் கியூவின் ஸ்ப்ளைஸும் இதுதானா?

மெஷின் ஸ்ப்ளைஸ் எனப்படுவது ஃபுல் ஸ்ப்ளைஸின் உறவு, நுனி கூர்மையாக இருக்கும். ஹேண்ட் ஸ்ப்ளைஸ் வேறு. ஆஷ் மரத்தின் நான்கு பக்கத்தையும் சரிவாகத் தட்டையாக இழைத்து, எபனிப் பலகைகளை ஒட்டுவார்கள். எதிரெதிர் ஜோடி முதலில், அதை இழைத்துவிட்டு அடுத்த ஜோடி. தட்டையான தளம் கூம்பை வெட்டுவதால் நுனி வளைந்த வில்லாக வரும். இழைப்புளி நன்றாகக் கைவந்தவருக்கு லேத்தே வேண்டாம். 1882-ல் ஸ்னூக்கர் விதிகள் எழுதித் தொங்கவிடப்பட்ட ஊட்டி கிளப் நமக்குப் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, இங்கே வரும் பாதிக் கேள்விகள் இதைப் பற்றித்தான். அதற்குத் தனிப் பக்கமே வேண்டும்.

தூசுக்கு என்ன பாதுகாப்பு?

கொக்கோபோலோ, எபனி, ரோஸ்வுட் தூசு தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமையைக் கிளப்பும். முதல் பத்து தடவை ஒன்றும் செய்யாமல் பதினோராவது தடவை பிடித்துக்கொள்ளும் ரகம், அதன்பின் ஒவ்வொரு தடவையும் மோசமாகும். என்95 அல்லது அதற்கு மேலான முகமூடி, கட்டரின் வாயிலேயே உறிஞ்சு குழாய், வேலை முடிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுதல். துணி முகமூடி பயன்படாது. லேத் ஓடும்போது கையுறை கூடாது.

ஒட்டி முடித்த பிளாங்கை எப்போது கியூவாகக் கடையலாம்?

மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம், எபனி இருந்தால் ஆறு. இடையில் மாதம் ஒரு முறை 0.3 மி.மீ. மட்டும் கடைந்து மறுபடி தொங்கவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கடையுமுன் நடுப்பகுதி ஆட்டத்தை அளந்து, கட்டையின் முனையிலேயே தேதியோடு பென்சிலால் எழுதுங்கள். எண் 0.05 மி.மீ.க்குக் கீழே இறங்கி இரண்டு மாதம் அங்கேயே நின்றால் ஜாயின்ட் துளை போடலாம். ஏறிக்கொண்டே போனால் அந்தக் கட்டையைக் பூல் கூடத்தில் எல்லோரும் எடுத்து ஆடும் ஹவுஸ் கியூவுக்கு ஒதுக்குங்கள்.